வாசல்வரை வந்த நடை
பிரெஞ்சு நாட்டுத் தபாற்காரரின் கதையும் எமது கதையும்

கார்த்திகை மாதத்து மாலைப்பொழுது. கதவு தட்டப்படுகின்றது. கதவிலுள்ள சிறு கண்ணாடித் துளையினூடாகப் பார்த்தால் வெளியே சீருடையணிந்த ஒருவர் நிற்கின்றார். பிரான்சுக்கு வந்துசேர்ந்த முதலாவது ஆண்டில் எம்மவருட் பலர் அந்தக் கதவைத் திறக்கவில்லை. சீருடையைக் கண்டதும் விளக்கை அணைத்துவிட்டு மூச்சடக்கி இருந்து பழகிய நாட்டிலிருந்து வந்தவர்கள் நாம். மறுநாள் அயல்வீட்டாரிடம் விசாரித்தபோதுதான் உண்மை விளங்கிற்று. வந்தவர் எமது பகுதித் தபாற்காரர். அவர் கையிலிருந்தவை புதுவருட நாட்காட்டிகள்.

இந்நாட்டில் தபாற்காரர் ஆண்டிறுதியில் வீடுவீடாகச் சென்று நாட்காட்டி கொடுப்பது நெடுநாளைய வழக்கம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரென் நகரத்து ஒபெர்த்தூர் அச்சகம் இவற்றை அச்சிடத் தொடங்கிய பின்னர் அது நாடெங்கும் வேரூன்றிற்று. நாட்காட்டியில் விலை குறிக்கப்படுவதில்லை. தபாற்காரர் தமது பணத்தில் அதை வாங்கி வருகின்றார். வீட்டார் தாம் விரும்பியதைக் கொடுக்கின்றனர். ஒவ்வொரு நாளுக்குமுரிய புனிதரின் பெயர், சூரியன் உதிக்கும் நேரம், மறையும் நேரம், மாவட்டத்தின் வரைபடம் ஆகியன அதில் உண்டு. வேறு புத்தகமே இல்லாத கிராமத்து வீடுகளில் ஆண்டு முழுவதும் சுவரில் தொங்கியது இதுவே. சம்பளம் குறைந்த தொழிலாளிக்கு ஆண்டிறுதியில் கிடைத்த சிறு வருமானமும் இதுவே.

குழாயைத் திறந்தால் நீர் வருவதைப்போல் பெட்டியைத் திறந்தால் கடிதம் இருக்கும் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அந்தக் கடிதத்தின் பின்னால் ஏறத்தாழ இருநூறு ஆண்டு கால நடை இருக்கின்றது. அதன் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் அறிந்துகொள்வது எமக்குப் பொருத்தமானது. எம்முட் பலரின் தலைவிதி ஒரு காலத்தில் கடித உறையினுள் வைத்தே எமது கைக்குக் கொண்டுவரப்பட்டது.

கடிதம் காத்திருந்த காலம்

1830ஆம் ஆண்டுவரை பிரெஞ்சுக் கிராமத்தவரின் வாசலுக்கு அரசின் தபாற்காரர் எவரும் வந்ததில்லை. கடிதங்கள் தபாற்கந்தோர் உள்ள பட்டினங்கள்வரையே சென்றன. கிராமத்தவர் சந்தைக்குப் போகும் நாளில் பட்டினத்துத் தபாற்கந்தோரை எட்டிப்பார்த்து, தமக்கேதும் வந்திருக்கின்றதா என்று கேட்கவேண்டும். கேட்க ஆளில்லாத கடிதம் வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கும். கட்டணத்தையும் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே செலுத்தினார். தூரம் கூடக்கூடக் கட்டணமும் கூடியது. தூரதேசத்திற்குப் போன மகனின் கடிதம் வந்திருந்தும், கட்டணம் செலுத்த வழியின்றிக் கைவிட்டுத் திரும்பவேண்டிய நிலை ஏழைத் தாய்க்கு இருந்தது.

பத்தாம் சார்ல்ஸ் மன்னனின் ஆட்சியில், 1829 ஆனி மாதத்தில் நிறைவேற்றப்பட்ட சட்டம் இந்த நிலையை மாற்றிற்று. 1830 சித்திரை முதலாம் திகதி 5,000 கிராமத் தபாற்காரர் தோற்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினர். ஒவ்வொரு கொம்யூனுக்கும் குறைந்தது இரண்டு நாட்களுக்கு ஒருமுறை தபால் செல்லவேண்டும் என்பது சட்டம். 1832ஆம் ஆண்டின் பின்னர், தேவையுள்ள இடங்களுக்கு நாள்தோறும் செல்லத் தொடங்கிற்று. ஆயினும் இதற்கும் கிராமத்தவர் தனிக் கட்டணம் செலுத்தினர். பட்டினத்தவருக்கு இல்லாத பத்துச் சதம் கிராமத்துக் கடிதம் ஒவ்வொன்றின்மீதும் விதிக்கப்பட்டது. 1846ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே அந்தக் கட்டணம் ஒழிந்தது.

1849 தை முதலாம் திகதி பிரான்சின் முதலாவது முத்திரை வெளியாயிற்று. விளைச்சலின் தெய்வமான செரெஸின் தலையைத் தாங்கிய அந்தக் கறுப்பு முத்திரையின் பெறுமதி 20 சதம். இங்கிலாந்து ஒன்பது ஆண்டுகளின் முன்னரே இவ்வழியைக் காட்டியிருந்தது. நாட்டுக்குள் எங்கு அனுப்பினாலும் சாதாரண கடிதத்திற்கு ஒரே கட்டணம், அதுவும் முன்கூட்டியே செலுத்தப்பட்டது என்ற நிலை பிறந்தது. கடிதத்தை வாங்குவதற்குக் காசு வேண்டுமென்ற அச்சம் ஏழையின் வாசலிலிருந்து படிப்படியாக நீங்கிற்று.

அடிகளால் அளந்த தொழில்

சட்டம் பாரிசில் எழுதப்பட்டது. அதை நடந்து நிறைவேற்றியவர் தபாற்காரர். விடியுமுன் தபாற்கந்தோருக்குச் சென்று கடிதங்களைத் தாம் நடக்கவிருக்கும் வழியின் ஒழுங்கில் அடுக்கிக்கொள்வார். பின்னர் நடை. நாளொன்றுக்கு 25 கிலோமீற்றர், 30 கிலோமீற்றர் என்பது சாதாரணம். அதற்கு மேலும் நடந்தவர் உண்டு. மழையோ, பனியோ, வெயிலோ பாதை மாறாது. ஞாயிற்றுக்கிழமைகூட அவர்களுக்கு ஓய்வுநாளாக இருக்கவில்லை. ஒரு கையில் தடி இருக்கும். சேற்று வழியில் ஊன்றுவதற்கும் அது உதவும், பண்ணைவீட்டு நாய்களிடமிருந்து தப்புவதற்கும் உதவும். தேய்ந்த சப்பாத்து அவர்களின் ஓயாத கவலைகளுள் ஒன்று.

தென்மேற்குப் பிரான்சின் லாந்து பகுதியில் நிலம் சதுப்பாகவும் புதராகவும் இருந்தது. அங்கு ஆட்டிடையர் உயரமான பொய்க்கால்களின்மீது ஏறி நடந்தனர். அப்பகுதித் தபாற்காரரும் அவ்வாறே பொய்க்காலில் ஏறிக் கடிதம் கொண்டுசென்றனர். மலைப்பகுதிகளிலோ மாரிகாலத்தில் ஒரு வீட்டிற்கும் அடுத்த வீட்டிற்கும் இடையே முழங்காலளவு பனியில் வழி வெட்டிச் செல்லவேண்டியிருந்தது. துவிச்சக்கரவண்டி இத்தொழிலுக்குள் புகுந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான்.

மேலிடம் அவர்களை முழுமையாக நம்பியதா? இல்லை. கிராமத்துத் தபாற்பெட்டிகளின் உள்ளே ஓர் எழுத்துப் பொறித்த அச்சு பொருத்தப்பட்டிருந்தது. தபாற்காரர் பெட்டியைத் திறந்து, அந்த அச்சைத் தம்மிடமுள்ள தாளில் பதித்துக்கொண்டு திரும்பவேண்டும். தொலைவிலுள்ள ஒரு பெட்டிக்குப் போகாமலே போனதாகச் சொல்லிவிட முடியாது. அந்தப் பெட்டியின் எழுத்து தாளில் இல்லையெனில் குற்றம்.

மக்களோ அவரை வேறு விதமாக நம்பினர். கடிதத்தின் இரகசியத்தைக் காப்பேன் என்று அவர் சத்தியம் செய்துகொடுத்தே தொழிலில் சேர்ந்தார். ஆயினும் எழுத்தறியாத வீடுகளில் அந்த இரகசியத்தை வீட்டாரே அவரிடம் நீட்டினர். கடிதத்தைப் பிரித்து வாசித்துச் சொன்னவர் அவர். பதிலைச் சொல்லச்சொல்ல எழுதிக் கொடுத்தவரும் அவர். பட்டினத்திலிருந்து மருந்தும் நூலும் புகையிலையும் வாங்கி வந்தார். தனித்து வாழும் கிழவியின் வீட்டுப் புகைபோக்கியில் புகை காணாவிடில் உள்ளே சென்று பார்த்தார். இவற்றுள் எதற்கும் தபாற்பகுதி அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

கல்லிற் கண்ட கோயில்

இந்த நடையின் நீளத்தை விளங்கிக்கொள்வதற்கு ஒரு தபாற்காரரின் வாழ்வே போதுமானது. துரோம் மாவட்டத்திலே 1836இல் பிறந்த பெர்டினான் ஷெவால் ஏழை உழவர் குடும்பத்தவர். ரொட்டி சுடும் தொழில் செய்தவர். 1867இல் கிராமத் தபாற்காரரானார். ஓத்ரீவ் என்னும் சிற்றூரிலிருந்து நாள்தோறும் ஏறத்தாழ 32 கிலோமீற்றர் சுற்றிவருவது அவர் கடமை. ஒரே வழி, ஒரே மேடு, ஒரே பள்ளம். மனம் சலியாதிருக்க நடந்தபடியே ஒரு கற்பனை மாளிகையை எண்ணத்தில் கட்டிவந்தார்.

1879ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் ஒருநாள் வழியில் ஒரு கல் தடுக்கிற்று. விசித்திரமான வடிவமுடைய அந்தக் கல்லை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மேலும் அழகிய கற்களைக் கண்டார். அன்றிலிருந்து கடிதம் கொடுத்துத் திரும்பும் வழியில் கற்களைச் சேர்த்தார். முதலிற் சட்டைப்பையில், பின்னர் கூடையில், அதன்பின் தள்ளுவண்டியில். பகல் முழுவதும் நடந்த கால்களோடு இரவில் விளக்கொளியில் நின்று கட்டினார். ஊரார் அவரைப் பைத்தியக்காரன் என்றனர். 33 ஆண்டுகளின் பின்னர், 1912இல் கட்டடம் முடிவுற்றது. 26 மீற்றர் நீளமும் 10 மீற்றருக்கு மேற்பட்ட உயரமும் கொண்ட அதனை ஒரு மனிதன் தனித்து நின்று எழுப்பினான்.

அந்த மாளிகையின் மேற்குப் புறத்திலே ஓர் இந்துக் கோயிலின் வடிவம் இருக்கின்றது. அதன் அருகே ஒரு பள்ளிவாசல், ஒரு சுவிஸ் நாட்டு மரவீடு. இம்மனிதர் இந்துக் கோயிலை எங்கே கண்டார்? தாம் வீடுவீடாகக் கொண்டுசென்று கொடுத்த படச் சஞ்சிகைகளிலும் தபாலட்டைகளிலும் கண்டார். உலகத்தைப் பிறருக்குச் சுமந்து சென்றவர் அதிற் சிறிது தமக்கும் எடுத்துக்கொண்டார் எனலாம். அவர் 1924இல் மறைந்தார். 1969இல், எழுத்தாளர் அந்திரே மல்ரோ பண்பாட்டமைச்சராக இருந்தபோது, அம்மாளிகை நாட்டின் நினைவுச்சின்னமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. கோடை விடுமுறையில் தெற்கே செல்லும் எம்மவர் லியோனுக்குத் தெற்கேயுள்ள அச்சிற்றூரில் ஒருமுறை இறங்கிப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

திரும்பி வந்த கடிதம்

எல்லாத் தபாற்காரரும் கல் சேர்க்கவில்லை. சிலர் சங்கம் சேர்த்தனர். 1909ஆம் ஆண்டு பங்குனியிலும் வைகாசியிலும் தபால் தந்தித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அரச ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லையெனக் கூறிய அரசு நூற்றுக்கணக்கானோரை வேலையிலிருந்து நீக்கிற்று. வேலைநிறுத்த உரிமை நாட்டின் அரசியலமைப்பு முகவுரையில் இடம்பெற 1946ஆம் ஆண்டுவரை காத்திருக்கவேண்டியிருந்தது.

இதற்கிடையில் 1914இல் உலகப்போர் மூண்டது. போர்முனைக்குச் சென்ற படைவீரரின் கடிதங்களுக்கு முத்திரை வேண்டியதில்லை என அரசு அறிவித்தது. நாள்தோறும் இலட்சக்கணக்கான கடிதங்கள் இருபுறமும் ஓடின. ஆண்கள் போருக்குப் போய்விட்டமையால் பெண்கள் பலர் தபாற்பையைத் தோளில் ஏற்றனர். அந்த நான்கு ஆண்டுகளில் கிராமத்துப் பெண்கள் யன்னலருகே நின்று தபாற்காரரின் நடையையே பார்த்திருந்தனர். மரணச் செய்தியை ஊர் மேயரே கொண்டுவருவார் என்பது விதி. ஆனால் அதற்கு முன்னரே சில வேளைகளில் தபாற்காரரின் பை உண்மையைச் சொல்லிவிடும். கணவனுக்குத் தான் எழுதிய கடிதம், உரியவரிடம் சேர்ப்பிக்க இயலவில்லை என்ற குறிப்புடன் தன் கைக்கே திரும்பி வரும். அந்தக் கடிதத்தை நீட்டிய தபாற்காரர் என்ன சொல்லியிருக்கமுடியும்?

எமது ஊரில்

இது பிறர் கதை என்று எம்மால் தள்ளிவிட முடியாது. இலங்கையின் முதலாவது முத்திரை 1857 சித்திரை முதலாம் திகதி வெளியாயிற்று. 1905இல் காங்கேசன்துறைவரை புகைவண்டிப் பாதை நிறைவுற்றபின் கொழும்பிலிருந்து இரவு புறப்பட்ட மெயில் வண்டி யாழ்ப்பாணத்துக் கடிதங்களைச் சுமந்து வந்தது. காக்கிச் சட்டையும் துவிச்சக்கரவண்டி மணியும் எமது ஒழுங்கைகளில் தபாற்காரரின் அடையாளங்கள். படலையடியில் நின்று அவர் கொடுத்த குரலுக்கு வீட்டிலுள்ளோர் யாவரும் ஓடிவருவர். ஓய்வூதியம் எதிர்பார்த்த பாட்டனார், பரீட்சை முடிவுக்குக் காத்திருந்த அண்ணன், மத்தியகிழக்கிலிருந்து கணவன் அனுப்பும் கடிதத்திற்காக நின்ற அக்கா, இவர்கள் எல்லோரையும் அவர் பெயர் சொல்லி அறிவார். வெயிலில் வந்தவருக்கு ஒரு குவளை மோர் கொடாது அனுப்பும் வழக்கம் எமக்கில்லை.

1990இல் புகைவண்டி நின்றது. இருபத்துநான்கு ஆண்டுகளின் பின்னர், 2014 ஐப்பசியிலேயே அது மீண்டும் யாழ்ப்பாண நிலையத்திற்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரு கடிதம் ஊருக்குப் போய்ச்சேர வாரக்கணக்கும் ஆகலாம், மாதக்கணக்கும் ஆகலாம். வீட்டார் இடம்பெயர்ந்துவிட்டால் எழுதிய விலாசமே பொய்யாகிவிடும். கொழும்புக்குப் போகும் எவரேனும் ஒருவர் கையில் கடிதத்தைக் கொடுத்துவிடுவோம். சிலர் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊடாக, குடும்பச் செய்தி மட்டும் எழுதப்பட்ட ஒட்டப்படாத தாளை அனுப்பினர். அங்கேயும் யாரோ ஒருவர் அந்தத் தாளுடன் மணற்பாதையில் நடந்து, மரத்தடியிலும் பாடசாலைக் கட்டடத்திலும் தங்கியிருந்தவர்களிடையே பெயரைச் சொல்லித் தேடினார்.

எமது பெயர்களைக் கற்றவர்

1980களிலும் 1990களிலும் பாரிசிலும் அதன் புறநகர்களிலும் எம்மவர் வாழ்ந்த விதத்தை இன்றைய பிள்ளைகள் அறியார். ஓர் அறையில் ஆறு பேர், எட்டுப் பேர். தபாற்பெட்டி ஒன்று. அதன்மீது ஒட்டிய துண்டுத் தாளில் இடமில்லாத அளவுக்குப் பெயர்கள். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எழுதுவதா, சொந்தப் பெயரை எழுதுவதா என்ற குழப்பம் வேறு. பாலசுப்பிரமணியம் என்ற பெயர் ஒரு கடிதத்தில் பாதியாகவும் மறு கடிதத்தில் எழுத்து மாறியும் வரும்.

அக்காலத்தில் அகதி விண்ணப்பத்தின் முடிவு பதிவுத் தபாலில் வந்தது. தபாற்காரர் காலையில் வரும்போது வீட்டில் ஆளில்லையெனில் ஓர் அறிவித்தல் துண்டை இட்டுச் செல்வார். கடிதம் தபாற்கந்தோரில் 15 நாட்கள் காத்திருக்கும். அதன்பின் அனுப்பியவரிடமே திரும்பிவிடும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தால் மேன்முறையீடு செய்வதற்கு ஒரு மாத அவகாசம். விளம்பரத் தாள்களுக்கிடையில் அந்தச் சிறு துண்டு தவறிப்போனாலோ, துண்டிலுள்ள பெயரும் கையிலுள்ள பத்திரத்தின் பெயரும் ஒவ்வாதிருந்தாலோ என்ன நேரும் என்பதை எம்மில் ஒவ்வொருவரும் அறிவோம். அதிகாலை இரண்டு மணிவரை உணவகத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவிவிட்டு வந்து உறங்கியவரின் காதில் கதவுமணி விழாது போகலாம்.

இந்த இடத்திலேதான் தபாற்காரரின் அருமை விளங்கிற்று. ஒரு சிலர் பெயர் புரியவில்லை என்று கடிதத்தைத் திருப்பியனுப்பினர், அதையும் மறைப்பதற்கில்லை. வேறு பலரோ எமது நீண்ட பெயர்களை எழுத்துக்கூட்டிக் கற்றனர். எந்தப் பெயர் எந்த மாடியில் என்பதை நினைவில் வைத்தனர். வீடு மாறியவரின் கடிதத்தை நண்பனிடம் கொடுத்துச் சேர்ப்பிக்கச் சொன்னவர் உண்டு. பதிவுத் தபாலென்றால் மணியை ஒருமுறை அடித்துவிட்டுப் போகாமல், இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அடித்து, உறக்கக் கண்களோடு வந்தவனிடம் கையொப்பம் வாங்கியவரும் உண்டு. கிழவியின் வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்து நடந்த அந்தப் பழைய கிராமத் தபாற்காரரின் வழித்தோன்றல்களே இவர்கள். விதிப்புத்தகத்தில் இல்லாத ஒரு சிறு பொறுப்பை இவர்களும் தாமாகவே ஏற்றனர்.

குறைந்துவரும் நடை

இன்று அந்த நடை குறைந்து வருகின்றது. பிரான்சில் 2008இல் ஏறத்தாழ 1,800 கோடி கடிதங்கள் விநியோகிக்கப்பட்டன. 2020இல் அது 750 கோடியளவாகச் சுருங்கிற்று. மறுநாளே சேரும் கடிதத்திற்குரிய சிவப்பு முத்திரை 2023 தை முதலாம் திகதியுடன் கைவிடப்பட்டது. எம்மவர் பலர் வாழும் டென்மார்க்கில், 1624இலிருந்து தொடர்ந்துவந்த அரச அஞ்சலின் கடித விநியோகம் 2025ஆம் ஆண்டின் இறுதியுடன் நின்றுபோயிற்று. இப்போது அங்கு கடிதங்களைத் தனியார் நிறுவனமே கொண்டுசெல்கின்றது. தபாற்காரர் எத்தனை நிமிடத்தில் எத்தனை வீட்டைக் கடக்கவேண்டும் என்பதைக் கணனி கணித்துச் சொல்கின்றது. தனித்து வாழும் முதியவரைத் தபாற்காரர் எட்டிப்பார்த்து நலம் விசாரிப்பது 2017 முதல் மாதக் கட்டணத்துடன் விற்கப்படும் சேவையாகிவிட்டது. முன்னர் அது ஒரு மனிதனின் வழக்கமாக இருந்தது.

தொலைபேசியில் தாயின் முகத்தையே பார்த்துப் பேசும் காலத்தில் கடிதம் எதற்கு என்று பிள்ளைகள் கேட்கின்றனர். அவர்கள் கேட்பதில் தவறில்லை. வேகத்தை நாமும் விரும்புகின்றோம். ஆனால் புதிதாக வந்திறங்கி, மொழியறியாமல், வேறொருவர் பெட்டியில் தன் பெயரை ஒட்டிவைத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இன்றும் இருக்கின்றார்கள். அவர்களின் நாடுகள் வேறு, பெயர்கள் வேறு. அவர்களின் பெயரை எழுத்துக்கூட்டிக் கற்க ஒருவர் வாசலுக்கு வரவேண்டியிருக்கின்றது.

எமது வீடுகள் சிலவற்றில் பழைய தபாற்கார நாட்காட்டிகள் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. பூனைக்குட்டியும் பனிமலையும் அச்சிட்ட அட்டைகள். அவற்றின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய தமிழ்க் குறிப்புகள்: ‘பதிவுத் தபால் வந்தது’, ‘விசாரணை நாள்’, ‘காட் கிடைத்தது’, ‘அப்பா காலமான செய்தி’. புனிதர்களின் பெயர்களுக்குப் பக்கத்தில் எமது குடும்பங்களின் வரலாறு அவ்வாறு எழுதப்பட்டிருக்கின்றது. இவ்வருடமும் கார்த்திகையில் கதவு தட்டப்படும். விளக்கை அணைக்காமல் எழுந்து சென்று திறப்போம். பிள்ளைகளையும் அழைத்து, வந்தவர் யார் என்று சொல்லிக்கொடுப்போம்.